மணிக்கு நூற்றைம்பது

மாமா பவர் டில்லர் வாங்கியது உழுவதற்கு அல்ல, வாடகைக்கு விடுவதற்கு. சேந்தமங்கலத்தில் அவருக்கு இருந்த சொத்து ஒரு லாரிப் பட்டறையும் வீட்டுக்குப் பின்னால் நாலு தென்னையும்தான். கடனுக்கு ஈடாகக் காட்ட நிலம் வேண்டுமே, அதற்கு என் அப்பாவின் சிட்டா அடங்கல் போனது. அந்த உரிமையில்தான், டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைக் கணக்கெழுத மலைக்கு அனுப்பினார்கள். 2002, சித்திரை மாதம்.

"நமக்கு ஆடிப்பட்டம்தான். கொல்லிமலையில அப்படி இல்ல மாப்பிள்ளை. சித்திரையில ரெண்டு மழை விழுந்தா ஏர் பூட்டிருவாங்க. ஆடிக்குள்ள மேல வேலை முடிஞ்சிரும், வண்டியைக் கீழ எறக்கிரலாம். ஒரு வண்டி, ரெண்டு சீசன்" என்றார் மாமா.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் நாமக்கல் சீமையே சக்கரத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சீமை. நாமக்கல் லாரி அஸ்ஸாம் வரை போகும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, எந்த மாநிலத்தில் மழை பொய்க்கிறதோ அங்கே போய் நிற்கும். இந்தத் தொழில்களின் சூத்திரம் ஒன்றுதான். வண்டி நிற்கக் கூடாது. வேளாண் பொறியியல் பாடப் புத்தகத்திலும் இதே சூத்திரம் இருக்கிறது. டிராக்டரின் தேய்மானத்தை ஆண்டுக்கு 1000 மணி நேர ஓட்டம் என்று வைத்துத்தான் கணக்குப் போடச் சொல்வார்கள். அந்த ஆயிரத்தை எட்ட, வண்டி வேலை இருக்கும் இடத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மாமா தேடிப் போன இடம், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருந்தது.

காரவள்ளியிலிருந்து செம்மேடு வரை அந்த வளைவுகளில் டில்லரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. டாட்டா 407 வண்டி பிடித்து, பலகை போட்டு ஏற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டி, ஒவ்வொரு வளைவிலும் கயிறு முறுக்கேறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஏற்ற ஒரு வாடகை, இறக்க ஒரு வாடகை. மணிக்கணக்கு ஆரம்பிக்கும் முன்பே நோட்டில் செலவுப் பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன். மேலே அதிக நாள் தங்கினால் அந்தச் செலவு நிறைய மணி நேரத்தின் மேல் பரவி மெலிந்துபோகும், சீக்கிரம் இறங்கினால் தலையில் ஏறி உட்காரும். எனவே நான் தங்கினேன். குண்டூர் நாட்டில் ஒரு வீட்டின் ஒட்டுத் திண்ணையில் எனக்கும் டிரைவருக்கும் இடம் கிடைத்தது. கொல்லிமலையில் உள்ள பதினான்கு நாடுகளில் குண்டூர் நாடும் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, வைகாசியிலும் விடியற்காலையில் போர்வை தேவைப்படும் ஊர்.

மாமா எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. மணிக்கு 150 ரூபாய் வாடகை. டீசல் லிட்டர் 25 ரூபாய்க்குள் இருந்த காலம் அது. மணிக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 35 ரூபாய். டிரைவருக்கு 30. ஆயில், ரோட்டரி பிளேடு தேய்மானம் இதெல்லாம் 20. மிச்சம் 65. பேங்கில் வருஷத்துக்கு 36,000 கட்ட வேண்டும். அறுபத்தைந்தால் வகுத்துப் பார்த்தால், சுமார் 550 மணி நேரம் ஓடினால்தான் தவணைக்கே சரியாக இருக்கும். அதற்கு மேல் ஓடுவதுதான் மாமாவுக்கு. அவர் அறுநூறு எழுநூறு என்று எண்ணியிருந்தார். கீழே முந்நூறு, மேலே முந்நூறு, போக வர ஐம்பது.

இந்தக் கணக்கின் ஒவ்வொரு எண்ணும் சரியாகத்தான் இருந்தது. 'மணி' என்ற அளவைத்தான் மலையில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். மலையின் பள்ளங்களில் ஓடையை ஒட்டி நெல் வயல். அதற்கு மேலே கல்லுக்கட்டு வரப்பு போட்ட படிப்படியான மேட்டுக்காடு. அதில் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி, கேழ்வரகு, சாமை, தினை. இன்னும் மேலே சவுக்குமரம்போல நெட்டுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் கீழே காப்பியும் மிளகும். ஏக்கர் என்ற பேச்சு பத்திரத்தில் மட்டும் இருந்தது. பெரியவர்கள் நிலத்தை விதையை வைத்துச் சொன்னார்கள், இத்தனை படி விதைப்பு என்று. ஒருவருக்கு ஆறு படி விதைப்பு நிலம் இருந்தால் அது ஒரே இடத்தில் இருக்காது. ஓடைக்கரையில் ஒரு துண்டு, கோயிலுக்குப் பின்னால் ஒரு துண்டு, மாமனார் வழியில் வந்த இன்னொரு துண்டு அடுத்த கரட்டில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நல்ல மண், கெட்ட மண், தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்ததன் விளைவு இது. மிகவும் நியாயமான பாகப்பிரிவினை. இயந்திரத்துக்குத்தான் அந்த நியாயம் ஒத்துவரவில்லை.

ஒரு துண்டை உழுது முடித்து அடுத்த துண்டுக்கு டில்லரை நகர்த்த வேண்டும். நானூறு கிலோ எடை. வரப்பில் இரண்டு கல்லை எடுத்து வழிவிட்டு, பலகை போட்டு ஏற்றி, மறுபடி கல்லை வைத்து அடைத்து, தடத்தில் உருட்டி, அங்கே மறுபடி கல்லை எடுத்து. இதற்கே சில சமயம் உழும் நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். இந்த நேரம் யார் கணக்கில் போகும்?

முதல் வாரத்திலேயே ஓர் ஆயா இந்தக் கேள்வியை எடுத்தார். வயது எழுபது இருக்கும். தலையில் முண்டாசு, இடுப்பில் அரிவாள். உழவு நடக்கும்போது வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். என் கைக்கடிகாரத்தை அவர் நம்பவில்லை. செம்மேட்டுப் பஸ் மேலே போனது எப்போது, திரும்பிக் கீழே போனது எப்போது என்பதுதான் அவர் நேரம்.

"பஸ்ஸு போனப்ப ஆரம்பிச்சீங்க. பஸ்ஸு திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீ ரெண்டரை மணிங்கற."

"நடுவுல ஒரு காட்டுலருந்து இன்னொரு காட்டுக்கு வண்டி வந்துச்சுல்லங்க ஆயா."

"வண்டி உழுததுக்குக் காசு குடுக்கறேன் தம்பி. வண்டி நடந்ததுக்கு எதுக்குக் குடுக்கணும்? என் மாடு நடந்து வரும், அதுக்கு நான் காசா கேக்கறேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டிரைவர் அண்ணன் மட்டும், "டீசல் நடந்தாலும் எரியுதே ஆயா" என்றார். பேசிப் பேசி, ஒருவருடைய சொந்தத் துண்டுகளுக்கு இடையே நகர்ந்தால் அவர் கணக்கு, ஒருவர் காட்டிலிருந்து இன்னொருவர் காட்டுக்குப் போனால் ஆளுக்குப் பாதி என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. சீக்கிரமே ஜனங்கள் அதற்குள்ளும் புத்தியைச் செலுத்தினார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு முன்கூட்டியே பேசி, ஒரே வரிசையில் உழும்படி முறை வைத்துக்கொண்டார்கள். பங்காளிச் சண்டையில் பத்து வருஷம் பேசாமல் இருந்த இரண்டு வீட்டார் டில்லர் வாடகையை மிச்சம் பிடிக்கப் பேசிக்கொண்டதை நான் பார்த்தேன். உழவு முடிந்ததும் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அது வேறு விஷயம்.

மணிக்கணக்கில் விட்டால் காட்டுக்காரருக்குப் பயம், டிரைவர் மெதுவாக ஓட்டுவான் என்று. துண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் அந்தப் பயம் தீர்ந்து வேறொரு பயம் வரும். டிரைவர் வேகமாக, ஆழமில்லாமல், மேலாக்கக் கீறிவிட்டுப் போய்விடுவான். கல் நிறைந்த காடு என்றால் மணிக்கணக்கில் காட்டுக்காரருக்கு நட்டம், மொத்தக் கணக்கில் எங்களுக்கு நட்டம். ஆக, வாடகை எவ்வளவு என்பதைவிட எந்த அளவையில் வாங்குகிறோம் என்பதுதான் கல்லும் சரிவும் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊர்க்கவுண்டர் இதை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். மண்ணுக் காட்டுக்கு மொத்தம், கல்லுக் காட்டுக்கு மணி என்று அவரே வகுத்துவிட்டார். எது மண்ணுக் காடு, எது கல்லுக் காடு என்று சொல்வதும் அவர்தான். அந்த அதிகாரம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் போக, ரோட்டரி எட்டாத மூலைகள். படிக்காட்டில் நாலு மூலையிலும், வரப்போரம் முழுக்கவும் மண்வெட்டியால்தான் கொத்த வேண்டும். துண்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு மூலை அதிகம். இயந்திர வாடகையும் கொடுத்து ஆள் கூலியும் கொடுக்க வேண்டும் என்றால் சின்னக் காட்டுக்காரர் யோசிக்கத்தானே செய்வார்.

மலையில் அதற்கு முன்பும் உழவு வாடகை இருந்தது. ஆனால் அதில் காசு இல்லை. ஏர்மாடு உள்ளவர் இல்லாதவருக்கு ஒரு நாள் உழுது கொடுத்தால், இவர் வீட்டிலிருந்து அவர் காட்டுக்குக் களையெடுக்கவோ அறுக்கவோ ஆள் போகும். கணக்கு மனசில்தான். உழவு சித்திரையில், திருப்பிக் கொடுப்பது புரட்டாசியிலோ ஐப்பசியிலோ. விதைக்கிற காலத்தில் எந்தச் சிறு விவசாயி கையிலும் காசு இருக்காது என்பதைத் தெரிந்துகொண்ட ஏற்பாடு அது. எங்கள் டில்லருக்கோ டீசல் பங்கில் ரொக்கம்தான் கொடுக்க வேண்டும். பேங்க் தவணைக்குக் களையெடுக்கும் ஆளை அனுப்ப முடியாது.

அதனால் கடன் சொன்னார்கள். நோட்டில் வரவுப் பக்கம் பெயர்களாக நிறைந்தது. "தை மாசம் தந்திடறேனுங்க" என்று சொன்னவர்களில் ஏமாற்றியவர் ஒருவர்கூட இல்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். எல்லாரும் தந்தார்கள். ஆனால் தை மாதம் தந்தார்கள். சித்திரையிலிருந்து தை வரை டீசல் காசு எங்களுடையது, வட்டியும் எங்களுடையது. மாமா டில்லரை வாடகைக்கு விடுவதாகத்தான் நினைத்தார், உண்மையில் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் கிழங்கு வியாபாரி வந்தார்.

குச்சிக்கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் உள்ள சேகோ, ஸ்டார்ச் மில்களுக்குக் கிழங்கு மலையிலிருந்தும் போகும். 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய பிறகு ஜவ்வரிசி வியாபாரத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது. ஆனால் மலைக்காட்டில் நிற்கும் கிழங்குக்கும் மில்லுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வியாபாரி இருப்பார். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்ப்பார்கள், விலை அந்தப் பாயிண்டுக்கு. பாயிண்ட் பார்ப்பது கீழே மில்லில். காட்டுக்காரர் மேலே இருப்பார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வியாபாரி எங்களிடம் சொன்னது எளிமையான யோசனை. கிழங்கு நடப்போகிறவர்களின் உழவு வாடகையை அவர் எங்களுக்கு உடனே ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். அறுவடையில் அவர்களுடைய கிழங்குப் பணத்தில் பிடித்துக்கொள்வார். எங்களுக்குத் தவணைக் கவலை தீர்ந்தது. காட்டுக்காரருக்குக் கையில் காசில்லாமல் உழவு முடிந்தது. வியாபாரிக்கு அந்தக் காட்டின் கிழங்கு அவருக்கே வரும் என்ற உறுதி கிடைத்தது. மூன்று பேருக்கும் நல்லது. மாமா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரிந்தது. கிழங்குக் காடு உழப் பணம் உடனே வந்தது. சாமைக் காடு உழக் கேட்டால் கடன்தான். சாமைக்கு முன்பணம் கொடுக்க எந்த வியாபாரியும் இல்லை, அது வீட்டுச் சோற்றுக்கு விளைவது. மழை விழுந்த மறுநாள் ஐந்து பேர் வந்து நின்றால் டிரைவர் யார் காட்டுக்கு முதலில் போவார்? மாமா சொல்லாமலே போனார். சாமைக்காரர்கள் இரண்டு முறை காத்திருந்து பார்த்தார்கள். மூன்றாம் முறை சிலர் வந்து, "இந்த வருசம் கெழங்கே வெச்சிரலாம்னு இருக்கறனுங்க" என்றார்கள். கிழங்குக்கு மாற அவர்களுக்கு வேறு நூறு காரணங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. விலை, ரோடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. ஆனால் எந்தப் பயிருக்கு வாடகை ரொக்கமாகக் கிடைக்கிறதோ அந்தப் பயிருக்கு டில்லர் முதலில் போகிறது, டில்லர் முதலில் போகும் பயிருக்குப் பட்டம் தவறுவதில்லை. இயந்திர வாடகையைப் பற்றிப் பேசும் யாரும் இதைச் சொல்வதில்லை. எந்தப் பயிரை விதைப்பது என்பதில் வாடகை வாங்கும் முறைக்கும் ஒரு வாக்கு உண்டு.

இன்னொரு செலவு எந்த நோட்டிலும் ஏறவில்லை. நாட்டுக் கலப்பை மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டும். ரோட்டரி அதை மாவாக்கிவிடும். சமவெளியில் அது நல்லது. சரிவில், அடுத்த மழைக்கு அந்த மாவு கீழ்ப்படிக்கு இறங்கும், அங்கிருந்து ஓடைக்கு. வயசான ஒருவர் டில்லர் ஓடிய காட்டை மழைக்குப் பின் பார்த்துவிட்டு, "மண்ணு எளகிருச்சு" என்று மட்டும் சொன்னார். எங்கள் மேல் குறை சொல்லவில்லை. அடுத்த உழவுக்கு அவர் மாட்டைப் பூட்டித்தான் உழுதார்.

மாமாவின் கணக்கைக் கடைசியில் கவிழ்த்தது இவை எதுவும் இல்லை, மழைதான். மேலே உழ வேண்டிய நாள் எல்லாருக்கும் ஒன்று. மழை விழுந்து ஈரம் காய்வதற்குள், பதினைந்து நாளில். ஒரு நாளைக்கு நகர்த்தல் போக ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு மழைக்கு 90 மணி. அந்தப் பதினைந்து நாளில் இன்னும் மூன்று டில்லர் இருந்தாலும் வேலை இருக்கும், பதினாறாம் நாள் ஒரு டில்லருக்கும் வேலை இருக்காது. போர்வெல் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வறட்சி இருக்கும் வேறு ஊருக்குப் போய்விடும். மலையிலிருந்து எங்கே போவது? இறங்கினால் டெம்போ வாடகை. 2003இல் மேலே மழை தள்ளிப்போய் ஆடியிலேயே உழவு வந்தது. கீழேயும் ஆடிப்பட்டம். ஒரு வண்டி, ஒரே சீசன். அந்த ஆண்டு மொத்தம் ஓடிய நேரத்தைச் சொன்னபோது மாமா பேங்க் பாஸ்புக்கை எடுத்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 36,000 தவணையை 200 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 180. வாங்கும் வாடகையே 150.

சிறு விவசாயிக்கு வாடகை இயந்திரம் கட்டுப்படியாவதில்லை என்று எழுதும்போதெல்லாம் வாடகை அதிகம் என்பார்கள். அதிகம்தான். ஆனால் அந்த வாடகையிலும் வண்டிக்காரனுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரண்டு பேரும் தோற்கும் இடத்தில் பணம் எங்கே போகிறது? நகர்த்தலில், காத்திருப்பில், வட்டியில், எழுபது வளைவில்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை 1981இல் தனித் துறையானது. புல்டோசரும் டிராக்டரும் அவர்களே வாடகைக்கு விடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய், முன்பணம் கட்ட வேண்டும். 2018இல் வந்த உழவன் செயலியில் கைப்பேசியிலிருந்தே பதிவு செய்யலாம். சமவெளியில் தனியார் வாடகை ஏறாமல் பிடித்து வைத்ததில் அந்த 500க்குப் பங்குண்டு. மலையின் படிக்காட்டில் டிராக்டர் திரும்பவே முடியாது. 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் வாடகை மையங்களுக்கு மானியம் தந்தது. பழங்குடியினருக்கும் சிறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் இயந்திரம் வாங்க ஐம்பது சதவீதம், மற்றவர்களுக்கு நாற்பது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஐம்பது சதவீதம் உரிமை. ஆனால் விண்ணப்பத்தோடு பட்டா வேண்டும். பட்டாவோ பெரும்பாலும் செத்துப்போன தாத்தா பெயரில், ஆறு பங்காளிகளுக்குக் கூட்டாக. நைஜீரியாவில் ஹலோ டிராக்டர் என்ற நிறுவனம் இதே சிக்கலுக்கு வேறு விடை கண்டது. ஊர் ஊருக்கு ஓர் ஆள், பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்களை ஒன்று சேர்த்து மொத்தமாகப் பதிவு செய்வார். அதைப் படித்தபோது பேசாமலிருந்த அந்தப் பங்காளிகள் பேசிக்கொண்டதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. செயலி இல்லாமலே செய்தார்கள்.

டில்லரோடு மலையில் திரிந்த அதே காலத்தில் இன்னொரு வாடகை இயந்திரத்தையும் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

சாமை, தினை விவசாயம் குறைந்ததற்குக் காரணம் உழவு மட்டுமல்ல, உலக்கை. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமைக்கும் தினைக்கும் உமி கெட்டி. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. நூறு கிலோ சாமையில் கிடைக்கும் அரிசி ஏறத்தாழ அறுபது கிலோ, அந்த அறுபதுக்குள் எத்தனை விடியற்காலைகள் இருக்கும் என்று கணக்கெடுத்தவர் இல்லை. சடஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியசாமை, திருகுலாசாமை என்று ரகரகமாகப் பெயர் சொல்லும் ஆயாக்களே, "குத்தறது யாரு?" என்று கேட்டுவிட்டுக் கிழங்குக்கு மாறினார்கள். சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்தது. விதை, பயிர்முறை என்று ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே உலக்கையில் வந்து நின்றார்கள். உமி நீக்கும் மில்லைக் கொண்டுவந்து ஊரிலேயே வைத்து, பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரு மில்லுக்கு பெல்ட் மாட்டிக் கொடுக்கப் போனேன். மெக்கானிக் பையன் ஊரில் இருக்கிறான் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள். வேலை முடிந்து அங்கேயே உட்கார்ந்து அவர்கள் கணக்கு நோட்டைப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய். மணி இல்லை, ஏக்கர் இல்லை, தராசு. யாரும் தகராறு செய்ய இடமில்லை. இயந்திரம் காட்டுக்குப் போவதில்லை, தானியம் தலைச்சுமையாக இயந்திரத்திடம் வருகிறது. நகர்த்தல் செலவு பூஜ்யம். காசு இல்லாதவர் தானியத்திலேயே ஒரு பங்கைக் கூலியாக அளந்துவிட்டுப் போகிறார், ஏனென்றால் இந்த வாடகை விளைந்த பிறகு வருவது. அறுப்பு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக வருவதில்லை. சாமை குதிரில் வருஷக் கணக்கில் இருக்கும், தேவைப்படும்போது பத்துக் கிலோ, இருபது கிலோ. வேலை தானே வருஷம் முழுக்கப் பரவிக்கொள்கிறது. மாமாவின் திட்டத்தில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் இதில் அடைப்பு இருந்தது.

ஆனாலும் அந்த மில்கள் எளிதாக ஓடவில்லை. பெல்ட் அறுந்தால் உதிரிபாகத்துக்குக் கீழே போக வேண்டும். கரண்ட் வரும் நேரத்துக்குத்தான் ஓட்டம். ஈரத் தானியம் போட்டால் அரிசி உடையும், உடைந்தால் மில்லைத்தான் திட்டுவார்கள். இதைவிடப் பெரிய போட்டியாளர் ரேஷன் கடை. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது, 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. சும்மா கிடைக்கும் அரிசிக்கு எதிரே, உமி நீக்க மட்டுமே மூன்று ரூபாய் கேட்கும் சாமை எப்படி நிற்கும்? ரேஷன் அரிசியைக் குறை சொல்ல மாட்டேன். மலையில் பஞ்ச மாதங்களில் கிழங்கு அவித்துத் தின்று காலம் தள்ளியதை நினைவில் வைத்திருந்தவர்களோடு நான் சாப்பிட்டிருக்கிறேன். மில் நின்றுபோன இடங்களில் இயந்திரம் பழுதாகி நிற்கவில்லை, மூட்டை வராமல் நின்றது. ஓடிய இடங்களில் சொந்தச் சோற்றுக்குக் குத்துவதோடு, சாமை அரிசியை நகரத்துக்கு விற்கும் வேலையையும் சேர்த்துக்கொண்டார்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது சென்னைக் கடைகளில் சாமை அரிசி பாக்கெட் விலையைப் பார்த்தேன். ரேஷனில் சும்மா கிடைக்கும் அரிசியை மலையில் தின்றுவிட்டு, சாமையைச் சென்னைக்கு அனுப்புவதுதான் கணக்கில் சரி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த நோட்டை எழுதுவது நான் இல்லையே.

மாமா டில்லரைக் கடைசியில் குண்டூர் நாட்டிலேயே ஒருவருக்கு விற்றார். கீழே கொண்டுவரும் டெம்போ வாடகையாவது மிஞ்சியது. வாங்கியவர் நாலு அண்ணன் தம்பிகளில் மூத்தவர். அவர் அதை வாடகைக்கு விடவில்லை என்றே சொல்லலாம். பங்காளிகள், மாமன் மச்சான் காடுகளுக்கு மட்டும் போனார். டீசல் அவர்களே ஊற்றிக்கொள்ள வேண்டும், பதிலுக்குக் காப்பிப் பழம் பறிக்கும்போது ஆள் வர வேண்டும். வருஷத்துக்கு நூறு மணி நேரம்கூட ஓடியிருக்காது. அவருக்குத் தவணை இல்லை, பாதி விலைக்கு வாங்கிய வண்டி, அதனால் நூறு மணியே போதுமாக இருந்தது. பாடப் புத்தகக் கணக்குப்படி அது வீண் முதலீடு.

இப்போது மேலே போனால் பெரிய டில்லர் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. பெட்ரோலில் ஓடும் சின்ன பவர் வீடர்கள் வந்துவிட்டன. இரண்டு பேர் தூக்கி வரப்பு தாண்டி வைத்துவிடலாம், கல்லை எடுத்து அடைக்க வேண்டியதில்லை. சிலர் மானியத்தில் வாங்கியது, சிலர் கிழங்குப் பணத்தில். இரவல் தாராளமாக நடக்கிறது. போன முறை போனபோது ஒரு டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. இரவல் வாங்கிய வீடரில் கல்லில் பட்டு இரண்டு பிளேடு உடைந்திருந்தது. வாங்கியவர், "ஏற்கெனவே விரிசல் விட்டிருந்துச்சு" என்றார். கொடுத்தவர் பிளேடு விலையைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், கல்லுக் காடு என்று தெரிந்தே கொடுத்ததால் ஆளுக்கொரு பிளேடு என்று தீர்த்துவைத்தார்கள். டீக்காசை வாங்கியவரே கொடுத்தார்.